தாழ்வுபாட்டு வீதியில் நின்றுபோன பிக்கப்

எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

இன்னும் மிதித்தேன். உறுமல் கூடியதே தவிர, சக்கரம் ஒரு சுற்றும் சுற்றவில்லை. தாழ்வுபாட்டு வீதியின் நட்டநடுவில், பின்னால் தாங்கி நிறையக் குடிதண்ணீரோடு நின்றேன். வழிமறித்து நின்ற கழுதைகளுக்காகத்தான் வேகத்தைக் குறைத்திருந்தேன். அவை தம்பாட்டில் ஒதுங்கிப் போய்விட்டன. நான்தான் போகவில்லை.

பக்கத்துச் சீற்றில் இருந்த இவர், அதாவது என் கணவர் செபமாலை, எட்டிப் பார்த்தார்.

“கியரைப் போட்டனியோ?”

“டியிலதான் கிடக்கு. கண் தெரியேல்லையே?”

“கத்தாத. எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்.”

எங்கள் பிக்கப் ஓட்டோ கியர். முன்னே போக டி, பின்னே போக ஆர், வேறு சோலி இல்லை. எடுத்தேன், போட்டேன். ஆரில் போட்டபோது ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு முழம் பின்னால் போய், இடித்து நின்றது. கருகிய வாடை ஒன்று உள்ளே வந்தது. வீதியோரம் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டு வாடையையும் மீறிக்கொண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைவு. மூன்றாம் முறையும் மிதித்தேன். யாரோ கண்ணாடியில் தட்டி, “அக்கா, புகை வருது, நிப்பாட்டுங்கோ” என்றார்கள். நிப்பாட்டினேன்.

பிறகு நடந்தது ஒரு சின்னத் திருவிழா. தாங்கியோடு வண்டியைத் தள்ள முடியாது, தண்ணீரை இறக்கினால்தான் தள்ளலாம் என்று ஒருவர் சொல்ல, வாய் மூடுவதற்குள் பெண்கள் குடங்களோடும் வாளிகளோடும் வந்துவிட்டார்கள். இவர் குழாயைப் பிடித்து நிரப்பிக்கொண்டே இருந்தார். சிரிப்பும் தள்ளுமுள்ளும். சிந்திய தண்ணீரை நக்கக் கழுதைகள் திரும்பி வந்தன. வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவர், “கண்டக்டர், உங்கட றைவர் இறங்க மாட்டாவோ?” என்று கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் ஓட்ட, இவர் குழாய் பிடிக்கிறபடியால் ஊரில் இவருக்குக் கண்டக்டர் என்று பெயர். இவரும் சிரிப்பார். அன்றும் சிரித்தார்.

நான் இறங்கவில்லை. இறங்கினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஓட்டோ கியர் ஏன்?

இந்தத் தொடருக்குப் பிந்தி வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில், அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் விறகு பொறுக்கப் போய் மிதிவெடியில் கொடுத்தேன். மற்றதெல்லாம் முந்திய வாரங்களில் எழுதியாயிற்று. அதையே திரும்பத் திரும்ப எழுத எனக்கும் அலுப்பு, வாசிக்க உங்களுக்கும் அலுப்பு.

சாதாரண வண்டியில் கிளச்சை மிதிப்பது இடது கால். என் செயற்கைக் காலாலும் மிதிக்கலாம். ஆனால் எவ்வளவு மிதித்தேன், எங்கே விட்டேன் என்று அந்தக் காலுக்குத் தெரியாது. என் சாரதி அனுமதிப் பத்திரத்திலும் ஓட்டோ கியர் வண்டி மட்டும் என்றுதான் இருக்கிறது. அந்தப் பத்திரத்துக்காக நான் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகமாகும்.

மன்னாரில் அப்போது ஓட்டோ கியர் பிக்கப் என்பது அருமை. கொழும்புப் பக்கம் பாவித்த ஒன்று வந்தது. வெள்ளை நிறம், கதவில் ஒரு நெளிவு. முதல் நாள் அதைத் தனியே ஓட்டிக்கொண்டு பாலம் கடந்து போனபோது, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுப் பெரிதாகக் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

முதுகு பழுதான பிறகு இவர் கடலுக்குப் போவதை விட்டிருந்தார். தோட்டவெளியில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. அங்கே தாங்கியை நிரப்பி, தாழ்வுபாட்டு வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் எங்கள் தொழில். இவருக்கும் வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டோ கியர் பிடிக்காது. கிளச் என்று நினைத்து இடது காலால் பிறேக்கை ஓங்கி மிதிப்பார். இரண்டு பேரும் போய் முன்கண்ணாடியில் முட்டுவோம். “இது வண்டியில்லை, விளையாட்டுச் சாமான்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

ஓட்டுவதைத் தவிர வண்டியின் மற்ற வேலையெல்லாம் அவருடையது. விடிய எழும்பிக் கழுவி, எஞ்சின் ஒயில் பார்த்து, றேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, நான் காலைக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது வண்டியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார்.

“அண்ணன் ஓட்டுவார்தானே”

வண்டியை ரக்ரரில் கட்டி இழுத்து மன்னார் ரவுணில் றியாஸின் கராஜில் விட்டோம். றியாஸ் நல்ல பிள்ளை. மீன் லொறி, பஸ், மோட்டார் சைக்கிள், எதைக் கொடுத்தாலும் ஓட வைத்துவிடுவான். ஓட்டோ கியர் என்றால் மட்டும் அவனிடம் ஒரே மருந்துதான்.

“அக்கா, பெட்டி போயிட்டு,” என்றான் போனில். “ஓட்டோ பெட்டி போனா போனதுதான். இஞ்ச ஆரும் திறக்க மாட்டாங்க. மனுவல் ஒண்டு போட்டுத் தாறன், பிறகு பிரச்சினையே இல்லை.”

“மனுவல் போட்டா நான் எப்பிடி ஓட்டுறது?”

“அண்ணன் ஓட்டுவார்தானே,” என்றான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஓட்டுவார். வீடுகளுக்குத் தண்ணீர் போகும், தொழில் நடக்கும். நான் பக்கத்துச் சீற்றில் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம். எல்லாம் சரி. எனக்கு மட்டும் சரியில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரிடம் றியாஸ் சொன்னதைச் சொன்னேன்.

“பாப்பம்,” என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் இருந்தேன் என்று சொல்லக்கூடாது. கூட்டில் விட்ட கோழி மாதிரி நடந்தேன். அலுமாரியை ஒதுக்கினேன். ஒதுக்கிய அலுமாரியைக் கலைத்துத் திரும்ப ஒதுக்கினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. “அக்கா, இண்டைக்குத் தண்ணி வருமோ?” “றெஜினாக்கா, நாளைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், ஆக்கள் வருவினம், மறந்துடாதேங்கோ.” ஒவ்வொருவருக்கும் வரும், வரும் என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. கால் பொருந்துகிற இடத்தில் தோல் உரியும் வரைக்கும் முற்றத்தில் நடந்தேன்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சில கிழமைகளாகவே வண்டி சரியில்லை. டியில் போட்டால் உடனே எடுக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, முதுகில் யாரோ தள்ளின மாதிரி எடுக்கும். பாலத்தில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பாரம் என்று நினைத்துவிட்டேன். ஒரேயடியாகச் செத்த பெட்டி இல்லை இது. நாளுக்கு நாள் நோய் கண்ட பெட்டி. நோய் என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது கம்பி

போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், கழுத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையோடு விளக்கிக்கொண்டிருந்தார். அவசரமாகப் பேசுகிற ஆள். எனக்கு ஏற்ற ஆள்.

அவர் சொன்னதில் ஒன்று என்னை எழுந்து உட்கார வைத்தது. ஓட்டோ கியர்பெட்டிக்குத் தனியாக ஒயில் அளவு பார்க்கும் கம்பி ஒன்று இருக்கிறதாம். எஞ்சினுக்கு இருப்பதைப் போல, ஆனால் பின்னால், கண்ணில் படாத இடத்தில். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்துப் பார்க்க வேண்டுமாம். ஒயில் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் ஒரு நோய், நிறம் வெளிறியிருந்தால் இன்னொரு நோய்.

இன்னொன்றும் சொன்னார். ஓட்டோ கியர் வண்டியைப் பின்சக்கரம் நிலத்தில் உருள இழுக்கவே கூடாது, பெட்டி கெட்டுவிடும். தாழ்வுபாட்டிலிருந்து ரவுண் வரைக்கும் அப்படித்தான் இழுத்திருந்தோம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இவர் வந்ததும் கேட்டேன்.

“கியர்பெட்டி ஒயில் கம்பியைப் பாத்தனீங்களோ?”

“ஒயில் நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.”

“அது எஞ்சின் ஒயில். இது வேற கம்பி.”

“கியர்பெட்டிக்கு ஆர் கம்பி வைச்சது?” என்று சிரித்தார். அவர் வாழ்நாளில் ஓட்டின ரக்ரருக்கோ லொறிக்கோ அப்படி ஒரு கம்பி இருக்கவில்லை. றியாஸ் பழுது பார்த்த வண்டிகளுக்கும் இருந்திருக்காது. ஒருவருமே அதை இழுத்துப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

“வெளிக்கிடுங்கோ. கராஜுக்குப் போவம்.”

“நீ இரு. நான் போய்ப் பாத்திட்டு வாறன்.”

“நானும் வாறன்.”

“வெயிலுக்க ஏன்? காலும் உரிஞ்சு கிடக்கு.”

அவர் மறித்த விதத்தில் ஏதோ இருந்தது. முச்சக்கர வண்டிக்குப் போன் அடித்தேன்.

கராஜில் ஒரு பெடல்

வண்டியின் கதவு திறந்து கிடந்தது. பக்கத்தில், விரித்த சாக்கின் மேல், துருப்பிடித்த கிளச் பெடல் ஒன்று.

“இது என்ன, றியாஸ்?”

“கிளச் செற் அக்கா. கொழும்பால வந்தது. கியர்பெட்டியும் வந்துகொண்டிருக்கு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அண்ணன் ஓம் எண்டு சொன்னவர்தானே...”

திரும்பினேன். இவர் கராஜ் வாசலிலேயே நின்றார்.

“நீங்கள் சொன்னனீங்களோ?”

“வேற என்ன வழி இருக்கு?”

“என்னட்டக் கேட்டனீங்களோ?”

செருப்பால் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

கால் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அன்று யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. இன்று தெரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் கத்தியிருப்பேன். ஆனால் கத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டால் பெட்டி கழன்றுவிடும். அதனால் றியாஸைப் பார்த்துப் பேசினேன்.

“அந்தப் பெட்டி ஏன் போனது?”

“ஓட்டோ பெட்டி அப்பிடித்தான் அக்கா.”

“அது பதிலில்லை. மனிசன் செத்தாலும் காரணம் எழுதித்தான் குடுக்கினம். காரணத்தைச் சொல்லிப்போட்டுக் கழட்டு. நான் மறிக்க மாட்டன்.”

பலூடா

எஞ்சினை ஓட விட்டார்கள். நான் வீடியோவில் பார்த்த இடத்தைக் காட்டினேன். பின்னால், வயர்களுக்கு அடியில், தூசி மூடிய ஒரு வளையம். றியாஸ் கையை விட்டு இழுத்தான். துடைத்துத் திரும்ப விட்டு, திரும்ப இழுத்தான்.

நுனியில் இருந்தது சிவப்பு இல்லை. ரோஸ் நிறம், நுரைநுரையாக.

“யா அல்லா,” என்றான். “பலூடா மாதிரி கிடக்கு.”

விரலில் தேய்த்துப் பார்த்தான். “தண்ணி கலந்திருக்கு அக்கா. கடலுக்க இறக்கினீங்களோ? வள்ளம் இழுக்க?”

எங்கள் பக்கம் பிக்கப்பைப் பின்பக்கமாக அலைக்குள் இறக்கி வள்ளம் இழுப்பது வழக்கம்தான். நான் ஒரு நாளும் செய்ததில்லை.

“ரயர்கூட நனைஞ்சதில்லை.”

“அப்ப தண்ணி எங்கால வந்தது?”

இப்போது அவனுக்கும் ஆவல் பிடித்துவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்தான். கியர்பெட்டியிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் வந்தான். அவை நேரே றேடியேட்டரின் அடியில் போய் முடிந்தன. கியர் ஒயில் சூடாறப் போகிற இடம் அது. றேடியேட்டர் தண்ணீருக்குள்ளேயே ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஒயில் ஓடும். குழாய் நன்றாக இருக்கும் வரைக்கும் ஒன்றை ஒன்று தொடாது.

மூடியைத் திறந்தான். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. வாய் விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பொருக்கு. கீழ்க் குழாயைக் கழற்றியபோது துருச் செதில்கள் கொட்டின.

“உள்குழாய் உக்கிப்போச்சு. ஒயில் தண்ணிக்க, தண்ணி ஒயிலுக்க.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “என்ன தண்ணி ஊத்தினீங்க?”

பதில் வாசலில் இருந்து வந்தது.

“வீட்டுக் கிணத்துத் தண்ணி.”

“உவர்த் தண்ணியோ அண்ணன்?”

“வேறென்ன? நல்ல தண்ணியைக் கொண்டுபோய் வண்டிக்கு ஊத்துறதோ? பாவமில்லையோ?”

எங்கள் பகுதியில் பிறந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க, விருந்தினருக்குக் கொடுக்க. மற்ற எல்லாவற்றுக்கும் உவர். சின்ன வயதில் நல்ல தண்ணீரில் கை கழுவியதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். இவர் இடத்தில் நான் இருந்தாலும் கிணற்றில்தான் அள்ளியிருப்பேன். பின்னால் ஒரு தாங்கி நல்ல தண்ணீரைச் சுமந்துகொண்டு, முன்னால் உப்பைக் குடித்துக்கொண்டு, வருடக்கணக்காக அந்த வண்டி ஓடியிருக்கிறது.

இவர் முகம் செத்துப்போயிற்று. உள்ளே வந்து, றேடியேட்டர் வாயில் விரலை வைத்து அந்தப் பொருக்கைச் சுரண்டினார்.

“கழட்டட்டோ அக்கா, விடட்டோ?” என்று றியாஸ் கேட்டான்.

“விடு. இதைச் சரிப்படுத்து.”

வேறு றேடியேட்டர் போட்டான். கியர் ஒயில் சூடாறுவதற்கென்று வண்டியின் முன்பக்கம் தனியாக ஒரு சின்னக் கூலர் பொருத்தினான், இனி இரண்டும் சந்திக்காதபடி. பழைய ஒயிலை இறக்கி, புதியதை விட்டு, ஓட வைத்து, திரும்ப இறக்கினான். ரோஸ் வந்தது. திரும்ப விட்டான், ரோஸ் கொஞ்சம் குறைந்து வந்தது. விட்ட சிவப்பு சிவப்பாகவே வரும் வரைக்கும் அவன் விடவில்லை. நானும் அந்த நாட்களில் கராஜை விட்டு அசையவில்லை. கதிரை ஒன்று தந்தார்கள். அதில் அதிகம் இருக்கவில்லை.

“உத்தரவாதம் தர மாட்டன் அக்கா,” என்றான் கடைசியில். “உள்ளுக்க இருக்கிற தட்டுகள் தண்ணியில ஊறியிருந்தா நாளைக்கே நிக்கும். ஊறேல்லையெண்டா கன காலம் ஓடும், இன்ஷா அல்லா. இந்தப் பெடலை என்ன செய்ய? வைச்சிருக்கட்டோ?”

“திருப்பி அனுப்பு.”

வெறும் தாங்கியோடு

ஓடுமா என்று பார்க்கத் தாழ்வுபாட்டுப் பக்கம் எடுத்தேன். இவர் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு கியர் மாறும்போதும் என் காது எஞ்சினுக்குள் போய் வந்தது. மாறியது. திரும்ப மாறியது. வண்டி நின்றுபோன இடம் வந்தபோது, வேண்டுமென்றே நிறுத்தி, திரும்ப எடுத்தேன். ஒரு கண நேரம் யோசித்தது. பிறகு எடுத்தது.

வீடுகள் முடிந்து கடல் தெரிகிற இடத்தில் ஓரங்கட்டினேன். எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தப் பயம்.

“ஏன் என்னட்டக் கேக்கேல்ல?” என்றேன்.

“முந்தி எங்க போறதெண்டாலும் நீ என்னைக் கூப்பிடுவாய்,” என்றார். “பூசைக்கும் நான்தான் சைக்கிளில ஏத்திக்கொண்டு போவன். மணலுக்க சைக்கிள் புதைஞ்சா உன்னைத் தூக்கிக்கொண்டு நடப்பன். பாரமெண்டு ஒரு நாளும் நினைச்சதில்லை. இந்த வண்டி வந்த பிறகு நீ திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுறாய். நான் பின்னால ஓடிவந்து ஏறுறன். விடியத் தண்ணி ஊத்துறதுதான் நான் உனக்கெண்டு செய்த வேலை. அதுவும் இப்பிடிப் போச்சு.”

அந்தச் சைக்கிள் காலத்தை இவர் தன் நல்ல காலமாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது சிறை. ஊர் பார்க்க என்னைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சைக்கிளில்தான் இரண்டு பேரும் போனோம்.

இவர் அழுதார். நானும் அழுதேன். எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு அன்புதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. “நீங்கள் கொஞ்சம் ஓட்டுங்கோவன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முகம் மலர்ந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டியில் போட்டேன்.